தடுப்பாட்ட வீரர் அலன் பேஜ்

அமெரிக்க உதைபந்தாட்டத்திலே ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும், அவ்வாண்டில் ஆடிய நூற்றுக்கணக்கானோரில் ஒருவரைத் தெரிந்தெடுத்து, பெறுமதி மிக்க ஆட்டக்காரர் என்னும் பட்டத்தை அசோசியேட்டட் பிரஸ் என்னும் செய்தி நிறுவனம் வழங்குவது வழக்கம். அப்பட்டம் பந்தை எறிபவருக்கும் பந்தோடு ஓடுபவருக்குமே உரியது என்பது எழுதாச் சட்டமாய் இருந்தது. 1971ஆம் ஆண்டிலே அவ்வழக்கம் முறிந்தது. பந்தை எறியாதவரும், பந்தோடு ஓடாதவரும், எதிரணியினரின் ஓட்டத்தை மறிப்பதையே தொழிலாய்க் கொண்டவருமாகிய ஒருவருக்கு அது கிடைத்தது. மினசோட்டா வைக்கிங்ஸ் அணியைச் சேர்ந்த அலன் பேஜ் என்பவரே அவர். அதன் பின் அரை நூற்றாண்டு கடந்தும், 1986இல் லோரன்ஸ் டெய்லர் என்பவரைத் தவிர வேறெந்தத் தடுப்பாட்ட வீரரும் அப்பட்டத்தைப் பெற்றிலர்.

இவ்வாட்டத்தின் அமைப்பைச் சிறிது அறிந்தாலன்றி இச்செய்தியின் அருமை விளங்காது. பெயர் உதைபந்தாட்டமாயினும் காலுக்கு இதில் வேலை குறைவு. பந்து பெரும்பாலும் கையிலேயே இருக்கும். றக்பி ஆட்டத்தைக் கண்டோருக்கு இது முற்றும் அந்நியமாய்த் தோன்றாது. ஆயினும் றக்பியிலே ஒரே ஆட்டக்காரர் தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும். அமெரிக்க ஆட்டத்திலோ இவ்விரு வேலைகளும் இரு வேறு கூட்டத்தாருக்குரியவை. பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அவற்றுள் பத்து யார் தூரமேனும் முன்னேறவேண்டும். முன்னேற விடாமல் தடுப்பதற்கென்றே மறு அணியின் தடுப்பாட்டப் பதினொருவர் களத்தில் இறங்குவர். அவர்களுள் முன்வரிசையின் நடுவே நிற்போர் பேருடலினர். எதிர்வரிசையினரின் தள்ளலைத் தாங்கி நிற்பது அவர்களின் முதற் கடமை. இயன்றால் அவ்வரிசையைப் பிளந்து உட்புகுந்து, பந்தை எறிபவர் அதனைக் கைவிடுமுன் அவரை நிலத்தில் வீழ்த்தவேண்டும். இவ்வளவும் சில விநாடிகளுள் நடந்து முடியும். பார்வையாளரின் கண்ணெல்லாம் பந்தின்மேல் இருக்க, இவ்வரிசையினரின் உழைப்பு உடற்குவியலுள் மறைந்துபோகும்.

அலன் பேஜ் 1945ஆம் ஆண்டு ஓகையோ மாநிலத்துக் கான்டன் நகரிலே ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். எஃகு ஆலைகள் நிறைந்த அந்நகருக்கும் இவ்வாட்டத்துக்கும் நெருங்கிய உறவுண்டு. அங்குள்ள ஒரு மோட்டார் விற்பனை நிலையத்திலே 1920இல் கூடிய சிலரே, பின்னர் தேசிய உதைபந்தாட்டச் சங்கமாக வளர்ந்த அமைப்பைத் தொடக்கினர். அதன் நினைவாக, சிறந்த வீரர்களின் உருவச்சிலைகளை வைத்துப் போற்றும் புகழ் மண்டபம் ஒன்று அந்நகரில் 1963இல் திறக்கப்பட்டது. அம்மண்டபத்துக்கு அத்திவாரமிட்ட கூலியாட்களுள் பாடசாலை மாணவராயிருந்த பேஜும் ஒருவர். தம் பெயரும் ஒருநாள் அங்கே பொறிக்கப்படும் என்று அன்று அவர் எண்ணியிருக்க இடமில்லை. ஏனெனில் அவருடைய ஆசை வேறிடத்தில் இருந்தது. வெள்ளையர் பிள்ளைகளையும் கறுப்பினப் பிள்ளைகளையும் தனித்தனிப் பாடசாலைகளிற் பிரித்துவைத்தல் அரசியலமைப்புக்கு முரண் என்று ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தபோது அவருக்கு வயது எட்டு. சட்டத்துக்கு உலகை மாற்றும் ஆற்றல் உண்டு என்னும் எண்ணம் அக்காலத்திலேயே தம்முள் வேரூன்றியதாக அவர் பிற்காலத்திற் கூறியுள்ளார். தொலைக்காட்சியில் வந்த பெரி மேசன் என்னும் கற்பனை வழக்கறிஞரின் கதைகளும் அவ்வாசைக்கு நீர் வார்த்தன.

கான்டனிலிருந்து அவர் இந்தியானா மாநிலத்திலுள்ள நோட்ரடாம் சருவகலாசாலைக்குச் சென்றார். 1966இல் அச்சருவகலாசாலையின் அணி நாட்டின் முதலிடத்தைப் பெற்றது. அதன் தடுப்பு வரிசையின் தூண்களுள் அவர் ஒருவர். அரசியல் விஞ்ஞானத்தில் 1967இற் பட்டம் பெற்றார். அவ்வாண்டே மினசோட்டா வைக்கிங்ஸ் அணி புதிய வீரர்களைத் தெரிந்தெடுக்கும் வரிசையிலே பதினைந்தாம் ஆளாக அவரைத் தெரிந்தெடுத்தது. தெரிந்தெடுத்தது என்ற சொல்லைக் கவனித்தல் வேண்டும். எந்த ஊரில், எந்த அணிக்கு உழைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை ஆட்டக்காரருக்கு இல்லை. அணிகள் முறைவைத்துப் பெயர்களைச் சொல்லும். பெயர் சொல்லப்பட்டவர் அங்கே போகவேண்டும், அல்லது ஆட்டத்தையே விடவேண்டும். பேஜின் பிற்கால வாழ்வை விளங்கிக்கொள்வதற்கு இச்செய்தி இன்றியமையாதது.

வைக்கிங்ஸ் அணியில் முதற் பருவத்தின் நான்காவது ஆட்டத்திலேயே வலப்புற நடுவிடம் அவருக்கு உரியதாயிற்று. அவருடைய எடை 245 றாத்தல். சாதாரண மனிதருக்கு இது பேரெடை, ஆனால் அவ்விடத்தில் நிற்போருக்கு அது சற்றுக் குறைவே. அக்குறையை அவர் விரைவினால் ஈடுசெய்தார். பந்து நகர்ந்த கணத்திலேயே, தமக்கெதிரே நின்றவர் நிமிர்வதற்குள், அவர் பாய்ந்து எதிர்வரிசையைக் கடந்துவிடுவார். ஒருவரால் அவரைத் தாங்க முடியாதென்று கண்ட எதிரணிகள் இருவரை அவருக்கென நிறுத்தத் தொடங்கின. அதனால் அவருடைய தோழர்களுக்கு வழி திறந்தது. காள் எல்லர், கரி லாசன், அலன் பேஜ், ஜிம் மாஷல் ஆகிய நால்வர் கொண்ட அந்தத் தடுப்பு வரிசை, அணியின் ஊதா நிற உடையையும் 1958இல் வழங்கிய ஒரு வேடிக்கைப் பாட்டையும் இணைத்து, ‘மனிதரை விழுங்கும் ஊதாப் பூதங்கள்’ என்னும் பொருள்படும் பட்டப்பெயரைப் பெற்றது. மினசோட்டாவின் குளிர் கடுங்குளிர். திறந்த வெளி அரங்கிலே, மூச்சு உறையும் காற்றில், களத்தோரத்தில் நெருப்பனல் மூட்டும் கருவிகளை வைக்கவும் பயிற்சியாளர் பட் கிராண்ட் இடங்கொடுக்கவில்லை. குளிரை மறந்தவனே அதனை வெல்வான் என்பது அவர் கொள்கை போலும். எதிரணியினர் நெருப்பருகே கைகாய்ந்து நிற்க, வைக்கிங்ஸ் அணியினர் அசையாது நிற்பதைக் கண்டு மலைத்தோர் பலர்.

1969இல் பதினான்கு ஆட்டங்களில் அவ்வணிக்கு எதிராக எடுக்கப்பட்ட புள்ளிகள் 133; 1970இல் 143; 1971இல் 139. மூன்றாண்டும் சங்கம் முழுவதிலும் மிகக் குறைந்த தொகை அதுவே. 1971ஆம் ஆண்டு வைக்கிங்ஸ் அணியின் தாக்குதல் வலுவற்றது. பந்தெறியும் பொறுப்பு ஒருவர் கையில் நிலைக்காது மாறிக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் பதினொரு ஆட்டங்களில் வென்று மூன்றிலேயே தோற்றார்கள் என்றால், தடுப்பு வரிசையே அணியைச் சுமந்தது எனல் மிகையாகாது. அவ்வாண்டு டிசம்பரிலே டெட்ரோயிட் அணியோடு நிகழ்ந்த ஆட்டம் பலராலும் பேசப்படுவது. நடுவர்கள் அடுத்தடுத்துத் தம்மீது குற்றம் விதித்ததாற் சினங்கொண்ட பேஜ், அதன் பின் எதிரணியின் முயற்சிகளைத் தொடர்ந்து சிதறடித்த காட்சி படச்சுருள்களில் இருக்கிறது. வைக்கிங்ஸ் 29க்கு 10 என்ற கணக்கில் வென்றது. ஆண்டு முடிவிற் பட்டம் அவரைத் தேடி வந்ததில் வியப்பில்லை. ஆனால் நத்தார் தினத்தன்று நடைபெற்ற முதற் தெரிவாட்டத்திலேயே டலஸ் அணியிடம் வைக்கிங்ஸ் தோற்றது.

தோல்வியின் கசப்பு அவ்வணிக்குப் புதியதன்று. சூப்பர் பௌல் எனப்படும் இறுதியாட்டத்துக்கு வைக்கிங்ஸ் நான்கு முறை சென்றது: 1970 ஜனவரியிற் கான்சஸ் சிட்டி அணியிடமும், 1974இல் மியாமி அணியிடமும், 1975இல் பிட்ஸ்பேர்க் அணியிடமும், 1977இல் ஓக்லண்ட் அணியிடமும் தோற்றுத் திரும்பியது. நான்கிலும் பேஜ் ஆடினார். ஆட்டக்களத்திலே இறுதி வெற்றியை அவர் ஒருபோதும் சுவைத்ததில்லை.

களத்துக்கு வெளியே நடந்த போராட்டம் இதனினும் நெடியது. ஒப்பந்தக் காலம் முடிந்த ஆட்டக்காரர் ஒருவர் வேறு அணிக்குச் செல்ல விரும்பினால், அவரை ஏற்கும் அணி பழைய அணிக்கு ஈடு கொடுத்தல் வேண்டும். ஈடு யாதென்று இரு அணிகளும் உடன்படாவிடின், சங்கத்தின் ஆணையாளர் பீட் றோசெல் தம் விருப்பப்படி அதனை விதிப்பார். றோசெல் விதி எனப் பெயர் பெற்ற இவ்வேற்பாடு 1963இல் வந்தது. நாளை எந்த வீரரை ஈடாகப் பறிகொடுக்க நேருமோ என்ற அச்சத்தால், ஒப்பந்தம் முடிந்தவரை அழைக்க எந்த அணியும் துணியவில்லை. ஆகவே, காகிதத்தில் சுதந்திரமும் நடைமுறையில் அடிமைத்தனமுமாய் ஆட்டக்காரர் வாழ்ந்தனர். ஆட்டக்காரர் சங்கத்திலே வைக்கிங்ஸ் அணியின் பிரதிநிதியாகப் பேஜ் 1970 முதற் பணியாற்றினார். அதன் நிருவாகக் குழுவிலும் இடம்பெற்றார். சங்கத் தலைவராயிருந்த ஜோன் மக்கி முதலியோர் றோசெல் விதியை எதிர்த்து 1972இல் மினியாபொலிஸ் நகரிற் தொடுத்த வழக்கின் வாதிகளுள் பேஜும் ஒருவர். சுதந்திரம் இல்லையேல் ஆட்டமும் இல்லை என்ற கோஷத்தோடு 1974 கோடையில் ஆட்டக்காரர் ஆறு வாரம் வேலைநிறுத்தம் செய்தனர், பயன் கிட்டவில்லை. ஆனால் 1975ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் நீதிபதி ஏள் லாசன், அவ்விதி வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சூழ்ச்சிகளைத் தடைசெய்யும் சட்டத்துக்கு முரணானது என்று தீர்த்தார். மறு ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றமும் அம்முடிவை உறுதிசெய்தது. வழக்கில் வென்ற ஆட்டக்காரர் 1977இல் முதலாளிமாரோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் அவ்வெற்றியின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தனர் என்பதையும் மறைத்தற்கில்லை. உண்மையான சுதந்திரம் 1993இல்தான் வந்தது. அப்போது பேஜ் ஆட்டத்தை விட்டுப் பன்னிரண்டு ஆண்டுகளாகியிருந்தன.

தமக்காக வழக்கறிஞர் வாதாடுவதைக் கண்ட அவர், தாமே சட்டம் பயில வேண்டுமென்ற பழைய ஆசையைக் கைவிடவில்லை. முதன்முறை சட்டக் கல்லூரியில் சேர்ந்தபோது சில வாரங்களிலேயே விலகிவிட்டார். பின்னர் 1975இல் மினசோட்டாச் சருவகலாசாலையின் சட்டப் பகுதியில் மீண்டும் சேர்ந்தார். இலையுதிர் காலத்தில் ஞாயிறு தோறும் ஆட்டமும், ஏனைய நாட்களிற் பயிற்சியும் உள்ள ஒருவர், முழுநேர மாணவரோடு போட்டியிட்டு மூன்றாண்டில் 1978இற் பட்டம் பெற்றார் என்பது சிறு செய்தி அன்று. இதே காலத்தில் அவர் மற்றொரு பழக்கத்தையும் தொடங்கினார். புகைபிடித்தலை விடுவதற்காக ஓடத் தொடங்கிய மனைவி டயான் அவர்களுக்குத் துணையாய் ஓடப் போனவர், நெடுந்தூர ஓட்டத்திலே பற்றுக்கொண்டார். எடை 245 றாத்தலிலிருந்து 225 றாத்தல் அளவுக்கு இறங்கியது.

இதனைப் பயிற்சியாளர் கிராண்ட் விரும்பவில்லை. இத்துணை எடை இழந்தவர் நடுவரிசையில் முன்போல நிற்க மாட்டார் என்பது அவர் துணிபு. 1978ஆம் ஆண்டுப் பருவத்தின் ஆறாவது ஆட்டம் முடிந்தவுடன் வைக்கிங்ஸ் அணி அவரை நீக்கியது. நீக்கப்பட்டவரை வேறெந்த அணியும் நூறு டொலர் கட்டணம் செலுத்தி எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. சிக்காகோ பெயர்ஸ் அணி அத்தொகையைச் செலுத்தியது. ஏழாண்டுக்கு முன் நாட்டின் பெறுமதி மிக்க ஆட்டக்காரர் எனப் பட்டம் பெற்றவரின் விலை நூறு டொலராயிற்று. கிராண்டைக் கொடியவராகக் கொள்வது பொருந்தாது. வயது முப்பத்துமூன்றாகி, உடலும் மெலிந்த ஒருவரை நீக்கிய பயிற்சியாளர் அவர் ஒருவர் மட்டுமல்லர். ஆயினும் தொழிற்சங்கப் பணியும் சட்டப் படிப்பும் உள்ள ஒருவர், அணியின் சொற்படி மட்டும் உடலை வைத்திருக்க மறுத்தார் என்பதும் இதிற் கலந்தே இருக்கிறது.

கிராண்டின் கணிப்புப் பிழை என்பதைச் சிக்காகோவில் அவர் ஆடிய காலம் காட்டியது. முன்னர் மினசோட்டாவிற் தடுப்பு வரிசையைப் பயிற்றிய படி றயன் அங்கே தடுப்பாட்டப் பொறுப்பில் இருந்தார். பழைய மாணவரின் விரைவை எவ்வாறு பயன்படுத்துவதென்று அவர் அறிவார். மெலிந்த உடலோடு பேஜ் மேலும் 58 ஆட்டங்கள் ஆடினார். 1979இல் இருபத்தாறு மைல் மரதன் ஓட்டத்தை ஓடி முடித்தார். ஆடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே அதனைச் செய்த முதலாவது தொழில்முறை உதைபந்தாட்ட வீரர் அவரே. 1981இல் ஓய்வு பெற்றபோது அவர் பதினைந்து பருவங்களில் 218 ஆட்டங்கள் ஆடியிருந்தார். அக்காலத்தில் அவருடைய அணிகள் ஆடிய எந்தப் பருவ ஆட்டத்தையும் அவர் தவறவிட்டதில்லை. பந்தெறிபவரை எத்தனை முறை வீழ்த்தினார் என்ற கணக்கிலே கருத்து வேற்றுமை உண்டு. 173 என்பர் ஒரு சாரார். 148½ என்பர் பதிவேடுகளைத் துருவிய வேறொரு சாரார். காரணம், அக்கணக்கைச் சங்கம் முறையாகக் குறித்துவைக்கத் தொடங்கியது 1982இலேதான். தடுப்பாட்டக்காரரின் உழைப்பை அதுவரை எண்ணிப் பார்க்கவும் எவரும் கருதவில்லை.

1988ஆம் ஆண்டு, தாம் இளமையில் அத்திவாரமிட்ட கான்டன் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடமளிக்கப்பட்டது. புதியவரை அவையோருக்கு அறிமுகஞ் செய்யப் பழைய பயிற்சியாளரையோ தோழரையோ அழைப்பது வழக்கம். பேஜ் அழைத்தது மினியாபொலிஸ் நகரப் பாடசாலை ஒன்றின் அதிபராகிய வில்லரீன் பீஸ்லி என்னும் பெண்மணியை. அவையினர் திகைத்தனர். பேச்சிலும் ஆட்டத்தைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. கல்வியைப் பற்றியே பேசினார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஆடிய நாட்களில் ஒருமுறை ஆட்டத் திட்டங்கள் அடங்கிய ஏட்டை வாய்விட்டு வாசிக்குமாறு தடுப்பாட்டக்காரர் கேட்கப்பட்டனர். சிலர் தடுமாறினர், சிலருக்கு வாசிக்கவே தெரியவில்லை. பாடசாலையும் சருவகலாசாலையும் கடந்து வந்தவர்கள் அவர்கள். ஆட்டம் வல்லவர் என்பதற்காக வகுப்பு வகுப்பாக ஏற்றிவிடப்பட்டவர்கள். உடல் தளர்ந்த நாளிலே அவர்களுக்கு மிஞ்சுவது யாது என்ற கேள்வி பேஜை விடவில்லை. அதே ஆண்டில் அவரும் மனைவியாரும் நிறுவிய கல்வி நிதியம், சிறுபான்மை இன மாணவருக்கு உயர்கல்விக்கான உதவி வழங்கியது. உதவி பெறுவோர் தம்மிலும் இளைய பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

வழக்கறிஞராகத் தனியார் நிறுவனத்திலும், பின்னர் மாநிலச் சட்டத்துறைத் தலைவரின் அலுவலகத்திலும் பணியாற்றிய அவர், 1992இல் மினசோட்டா உயர் நீதிமன்ற நீதியரசர் பதவிக்குப் போட்டியிட முனைந்தார். அம்மாநிலத்தில் நீதியரசரை மக்களே வாக்களித்துத் தெரிவர். ஆனால் பதவியிலிருந்த ஒருவரின் காலத்தை ஆளுநர் நீடித்ததனால் தேர்தலே இல்லையென்றாயிற்று. பேஜ் வழக்குத் தொடுத்தார். வழக்கமான நீதியரசர்கள் விலகி நிற்க, பதில் நீதிபதிகள் கூடி விசாரித்துத் தேர்தல் நடத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தனர். அத்தேர்தலில் அவர் வென்று, 1993 ஜனவரியில் அந்நீதிமன்றத்தின் முதலாவது கறுப்பின நீதியரசராகப் பதவியேற்றார். 1998, 2004, 2010 ஆகிய ஆண்டுகளிலும் மக்கள் அவரையே தெரிந்தனர். 2008ஆம் ஆண்டுச் செனற் சபைத் தேர்தலில் 312 வாக்குகளே வெற்றியைத் தீர்மானித்த வழக்கு அந்நீதிமன்றத்துக்கு வந்தபோது, பிரதம நீதியரசர் விலகி நின்றமையால் தலைமை தாங்கியவரும் அவரே. எழுபது வயதில் ஓய்வுபெற வேண்டுமென்ற விதிப்படி 2015 ஆகஸ்ட் மாதத்தில் அவர் பதவி நீங்கினார்.

2017இல் மினியாபொலிஸ் நகரப் பாடசாலை ஒன்று, மாணவரின் வேண்டுகோட்படி, பழைய பெயரை நீக்கி நீதியரசர் பேஜின் பெயரைச் சூடிக்கொண்டது. நீக்கப்பட்ட பெயர், டக்கோட்டா என்னும் ஆதிக்குடிகளை அழிக்கவேண்டும் அல்லது துரத்தவேண்டுமென 1862இற் கூறிய ஆளுநர் அலெக்சாண்டர் றம்சியின் பெயர். 2018இல் நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதாகிய சுதந்திரப் பதக்கம் பேஜுக்கு வழங்கப்பட்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே டயான் அவர்கள் காலமாகிவிட்டார்.

பாடசாலைகளுக்கு அவர் செல்லும்போதெல்லாம் பிள்ளைகள் முதலில் பார்ப்பது பட்டங்களையோ பதக்கங்களையோ அல்ல. ஆட்டத்திலே பலமுறை மூட்டு விலகிய அவருடைய சுண்டுவிரல் ஒன்று, ஏனைய விரல்களுக்குச் செங்குத்தாய் வெளிப்புறம் நீட்டிக்கொண்டிருக்கும். அதனைப் பற்றிக் கேட்காத பிள்ளை இல்லை. 2013இல், ஆசிரியையாகிய மகள் கேமியோடு சேர்ந்து, அவ்விரலையே பொருளாக வைத்துச் சிறுவருக்கு ஒரு கதைப் புத்தகம் எழுதி வெளியிட்டார்.